துணியா, டயப்பரா? துவைக்கப் போவது யார் என்று முதலில் கேளுங்கள்

ஐப்பசியில் தம்பி மனைவிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, கை நிறைய வளையலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், “மதினி, பிள்ளைக்குத் துணி கட்டவா, டயப்பர் போடவா? எங்கம்மா ஒண்ணு சொல்றாங்க, ஆபீஸ்ல இருக்கிறவங்க ஒண்ணு சொல்றாங்க” என்றாள். நான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். 2019-இல் பிறந்த மூத்தவளுக்கு முதல் சில மாதம் போக மற்றதெல்லாம் டயப்பர். 2022-இல் பிறந்த இளையவனுக்குப் பெரும்பாலும் துணி. இரண்டிலும் நல்லதும் கண்டேன், கஷ்டமும் பட்டேன். அதனால் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. “துவைக்கப் போறது யாரு?” என்று திருப்பிக் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “திண்டுக்கல்ல இருக்கிற வரைக்கும் அம்மா. கோயம்புத்தூர் போன பிறகு நான்தான் மதினி” என்றாள்.

துணி நல்லதா, டயப்பர் நல்லதா என்று பேசுகிற பலர் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். துணி என்றால் அத்தனையும் யாரோ ஒருவர் குனிந்து அலச வேண்டும். பெரும்பாலும் அது பிள்ளை பெற்றவள், இல்லையென்றால் அவளைப் பெற்றவள். டயப்பர் என்றால் அந்த வேலை வீட்டைத் தாண்டி, குப்பை வண்டியோடு வருகிறவர் கைக்குப் போகிறது. இந்த இரண்டு பேரையும் மறந்துவிட்டு நான் இதைப் பேச விரும்பவில்லை.

சரி, என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். முதலாவது, பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டுகிற துணி. நாடா வைத்துத் தைத்த லங்கோடு என்று கடையில் கிடைப்பதும் அதே வகைதான். நனைந்த உடனே மாற்றியாக வேண்டும், கீழே ரப்பர் ஷீட் விரிக்க வேண்டும். இரண்டாவது, துணி டயப்பர். வெளியே தண்ணீர் கசியாத பூச்சு கொடுத்த துணி, உள்ளே உறிஞ்சுகிற பட்டைகள், இடுப்பில் பிரஸ் பட்டன். பட்டனைத் தள்ளித் தள்ளிப் போட்டால் குழந்தை வளர வளர அதையே பயன்படுத்தலாம். மூன்றாவது, போட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிற டயப்பர். வெறுமனே டயப்பர் என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நம் ஊர் மருந்துக்கடையில் ‘பேம்பர்ஸ்’ என்றுதான் கேட்கிறோம். 1961-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பெயர் அது.

இந்த மூன்றாவது வகைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தோலில் படுகிற மேல்பகுதி பாலிபுரொப்பிலீன் இழை. நடுவில் மரக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியும். அடியில் பாலித்தீன். அந்தப் பொடி தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்து ஜெல்லியாகப் பிடித்துக்கொள்ளும். அது 1980-களில் வந்த பிறகுதான் டயப்பர் இவ்வளவு மெல்லியதாக ஆனது. சில நேரம் டயப்பர் பிய்ந்து ஊறிய ஜவ்வரிசி மாதிரி குழந்தையின் தொடையில் ஒட்டியிருக்கும். அது இந்தப் பொடிதான். பயப்பட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

முதல் ஒன்றரை மாதம்

இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் துவைக்க ஆள் இருந்தால் முதல் ஒன்றரை மாதம் வேட்டித் துணிதான்.

மூத்தவள் மாசியில் பிறந்தாள், திருமங்கலத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். எனக்கு அப்போது இருந்த பெரிய கவலை பால் போதுகிறதா என்பது. பிள்ளை சிணுங்கினாலே, பார்க்க வந்தவர்கள் “பால் பத்தலை போல” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். குழந்தை மருத்துவர்தான் ஒரு கணக்குச் சொன்னார். பிறந்து ஐந்து நாள் தாண்டிய குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போய், அது வெளிர் நிறமாகவும் இருந்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். துணி கட்டியிருந்ததால் எங்களால் எண்ண முடிந்தது. ஒவ்வொரு துணி மாற்றும்போதும் அம்மா தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஏழு, எட்டு, சில நாள் ஒன்பது. அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. பால் பவுடர் டப்பா வாங்காமலேயே அந்த மாதம் கடந்தது.

டயப்பர் போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. ஈரம் பட்டால் நீலமாக மாறுகிற கோடு சில டயப்பரில் இருக்கிறது. ஆனால் அது ஈரம் பட்டதைச் சொல்லுமே தவிர, ஒரு முறை போனதா மூன்று முறை போனதா என்று சொல்லாது.

துவைப்பதும் இந்த நாட்களில் அவ்வளவு கஷ்டமில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும், வாடையும் குறைவு. மஞ்சள் கறை மட்டும் நிற்கும். அதற்கு வெயில் போதும். ஈரத்தோடு உச்சி வெயிலில் போட்டு எடுத்தால் இரண்டு மூன்று நாளில் மங்கிப் போகும். தொப்புள் கொடி காய்ந்து விழும் வரை துணியை அதற்குக் கீழே இறக்கிக் கட்டவும் வசதி. நுரையீரலுக்குள் போகும் என்பதால் மருத்துவர்கள் இப்போது பவுடர் வேண்டாம் என்கிறார்கள். அதுவும் தேவைப்படவில்லை. அப்புறம் இன்னொன்று: எழுந்தவுடன், பால் குடித்தவுடன், அம்மா தன் இரண்டு கால்களையும் நீட்டிப் பாதங்களைச் சேர்த்து வைத்து, பிள்ளையை அதில் உட்கார வைத்து “ஸ்ஸ்ஸ்” என்பார். கழுத்து நின்ற பிறகு பாதி நாள் துணிக்கு வேலையே இல்லாமல் அதிலேயே முடிந்துவிடும். நான் அதைக் கற்றுக்கொண்டது பெரிய லாபம்.

ஆனால் துவைக்க ஆள் இருந்தால் என்று சொன்னேனே, அதை அழுத்திச் சொல்கிறேன். சிசேரியன் ஆகியிருந்து, உதவிக்கு யாரும் இல்லாமல், குழந்தையின் அப்பாவும் வாளியில் கை வைக்க மாட்டார் என்றால் துணியை நினைக்கவே வேண்டாம். தையல் ஆறாத வயிற்றோடு ஒருத்தி குனிந்து அலச வேண்டிய அளவுக்கு எந்தத் துணியும் உசத்தி இல்லை. டயப்பர் போடுங்கள், எண்ணிக்கையைக் கொஞ்சம் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், எடையை மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இல்லாத ஊரில்

2019 ஜூனில் சென்னைக்கு வந்தோம். வேளச்சேரியில் இரண்டாம் மாடி. சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகள் வற்றிப் போயிருந்த கோடை அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் குடியிருப்பில் காலையில் ஒரு மணி நேரம் குழாய் வரும், அதற்குள் பிடித்து வைப்பதுதான் நாள் முழுவதற்கும். லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தோம். பீத்துணியை முதலில் அலச ஒரு வாளி, சோப்புப் போட்டுத் துவைக்க ஒன்று, நுரை போக இரண்டு என்றால் எங்கே போவது? துணிகளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு டயப்பருக்கு மாறினேன். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டில் டயப்பர்தான் சுத்தம்.

வருத்தப்படுவது வேறொன்றுக்கு. பாக்கெட்டில் 12 மணி நேரம் என்று போட்டிருந்தது. நான் அதை நம்பினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மாட்டினால் காலை ஏழு மணிக்குத்தான் கழற்றுவேன். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. பத்தாவது நாள் தொடையிடுக்கு சிவந்து, கழுவினால் அலறுகிற அளவுக்குப் புண்ணாகிவிட்டது. ஜிங்க் ஆக்ஸைடு களிம்பு தடவியும் ஆறவில்லை. மடிப்புக்குள் நல்ல சிவப்பு, ஓரத்தில் தனித்தனியாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். மருத்துவர் பார்த்தவுடன் இது பூஞ்சை, சாதாரண களிம்புக்குக் கேட்காது என்று வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். டயப்பர் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே காற்றோட்டம் இல்லை. சூடும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலம் போனால் அந்த நிமிஷமே. ஒரு நாளில் ஒன்றிரண்டு மணி நேரமாவது எதுவும் போடாமல் விட வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று மாற்றினால் டயப்பருக்கு ஆகிற செலவே வேறு. விலையை நினைத்து மாற்றாமல் இழுப்பதுதான் பல வீடுகளில் புண்ணுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. துணியிலும் புண் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஈரத்துணியோடு தூங்க விட்டால் வரும், சோப்பு சரியாகப் போகாவிட்டாலும் வரும். துணியில் குழந்தை நனைந்த உடனே அழுதுவிடுவதால் நாம் மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

டயப்பர் போட்டால் கால் வளைந்துவிடும் என்று என் அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தைகளின் கால் இயல்பாகவே வளைந்துதான் இருக்கும், இரண்டு வயதுக்குள் நேராகிவிடும். அந்தக் கவலை வேண்டாம்.

அடைமழையில் துணி டயப்பர்

இளையவன் புரட்டாசியில் பிறந்தான், இந்த முறை சென்னையிலேயே. தண்ணீர் இருந்தது, துவைக்கும் இயந்திரம் வாங்கியிருந்தோம், கணவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். முதலில் அம்மா கொண்டுவந்த வேட்டித் துணிகள், இரண்டாம் மாதத்திலிருந்து 15 துணி டயப்பர். ஆனால் ஐப்பசி, கார்த்திகையை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வெளி உறை இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உள்ளே வைக்கிற தடித்த பட்டை மழையில் இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஹாலில் கொடி கட்டி, மின்விசிறியை நாள் முழுக்கச் சுற்ற விட்டோம். அப்படியும் ஒரு புழுக்க வாடை. அந்த இரண்டு மாதம் பாதி நேரம் டயப்பர்தான் போட்டோம். வாங்கும்போதே, பட்டை உறையோடு சேர்த்துத் தைக்காமல் தனியாக எடுக்கிற மாதிரி பார்த்து வாங்கியது மட்டும் நல்லதாகப் போயிற்று. சேர்த்துத் தைத்தது நம் மழைக்கு ஆகாது.

புதிதாக வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் சில. பருத்திப் பட்டையை நான்கைந்து முறை அலசிக் காயவைத்த பிறகுதான் அது முழுதாக உறிஞ்சும். முதல் நாளே கட்டிவிட்டு, “ஒழுகுது, ஏமாத்திட்டாங்க” என்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி மணக்க ஊற்றுகிற திரவத்தை இதில் ஊற்றவே கூடாது. இழையின் மேல் படிந்து ஈரத்தை உள்ளே விடாது. நான் ஒரு வாரம் ஊற்றிவிட்டு, ஏன் இப்படி ஒழுகுகிறது என்று புரியாமல் தவித்தேன். வெறும் வெந்நீரில் நான்கு முறை அலசிய பிறகுதான் சரியானது. கிருமிநாசினியில் ஊறப் போடுவதும் வேண்டாம், குழந்தையின் தோலுக்கு எரிச்சல். துவைத்து வெயிலில் போட்டாலே போதும். ஒட்டுகிற பட்டி வைத்ததைவிடப் பிரஸ் பட்டன் நல்லது. பட்டியில் நூலும் முடியும் சேர்ந்து சீக்கிரம் பிடிப்பு விட்டுவிடும்.

ராத்திரிக்கு மட்டும் ஒரு டயப்பர் போட்டோம், நடுவில் பால் கொடுக்க எழும்போது கனமாக இருந்தால் மாற்றினோம். வெளியூர்ப் பயணத்துக்கும் அதுதான். பேருந்தில் ஈரத்துணியை மாற்றி, பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன அனுபவம் ஒருமுறை போதும்.

பணம்

டயப்பர் அளவைப் பொறுத்து ஒன்று ஏறக்குறைய 8 முதல் 15 ரூபாய். 2025 செப்டம்பரில் குழந்தை நாப்கின்கள் மேல் இருந்த ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு நாளைக்கு ஐந்து, ஒன்று 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,500. இரண்டு வருடத்துக்கு 36,000 ரூபாய்.

துணி டயப்பர் நான் வாங்கியது ஒன்று ஏறக்குறைய 400 ரூபாய், 15-க்கு 6,000. சோப்புத்தூள், மின்சாரம் என்று மாதம் 200 வைத்தால் இரண்டு வருடத்துக்கு 4,800. ராத்திரி ஒரு டயப்பருக்கு 7,300. எல்லாம் சேர்த்து 18,000 சொச்சம், ஏறக்குறைய பாதி. ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைத் துவைக்கச் சொன்னால், கட்டாயம் தனியாகப் பணம் கொடுத்தாக வேண்டும். “ரெண்டு துணிதானே, சேர்த்து அலசிடுங்க” என்று தள்ளிவிடுவது தப்பு. மாதம் 1,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் 24,000 ஏறி, கணக்கு டயப்பரைத் தாண்டிவிடும். துணி மலிவு என்று நாம் சொல்வதெல்லாம் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலை போடாமல் சொல்வது.

குப்பை

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, பயன்படுத்திய டயப்பரைத் தயாரிப்பாளர் தரும் உறையிலோ வேறு தாளிலோ நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று சொல்லின. அந்த உறையைத் தர வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு என்றும் அவை சொல்லின. டயப்பரில் இருக்கிற மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டுச் சுருட்ட வேண்டும் என்றும் பாக்கெட்டிலேயே எழுதியிருக்கும். எங்கள் குடியிருப்பில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளர்களுக்கு அது எப்படி இருக்கும்? ஒருநாள் எங்கள் தெருவுக்கு வருகிற அம்மா கையுறை கிழிந்த கையோடு ஒரு டயப்பரைத் தனியே எடுத்து வைப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து, போடுகிற ஒவ்வொன்றையும் தட்டி, சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுக்கிறோம். அவர் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு அது பெருங்குடி குப்பைக் கிடங்குக்கோ கொடுங்கையூர் கிடங்குக்கோ போய்ச் சேரும். அதிலுள்ள பிளாஸ்டிக் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே கிடக்கும்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்பதில் பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008 ஆய்வு எனக்கு உதவியது. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்கு டயப்பர் போட்டால் ஏறக்குறைய 550 கிலோ கரியமில வாயு, துணி என்றால் 570 கிலோ என்று வந்தது. துணி தோற்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் அங்கே வெந்நீரில் துவைப்பார்கள், பலர் மின்சார உலர்த்தியில் போடுவார்கள். அதே ஆய்வு, இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம், அதாவது 200 கிலோ வரை குறையும் என்கிறது. கொடியில் காயப் போடுவதும், அக்கா பிள்ளையின் துணியைத் தங்கை பிள்ளைக்குக் கொடுப்பதும் நமக்குப் புதிதில்லையே. நம் வெயிலில் துணிக்கு நல்ல அனுகூலம் இருக்கிறது.

ஆறாம் மாதம்

தம்பி மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். 26 வாரம் மகப்பேறு விடுப்பு. சரியாக அது முடிகிற நேரத்தில்தான் குழந்தைக்குத் திட உணவு ஆரம்பிக்கும். மலம் கெட்டியாகும், வாடை கூடும், துணியை வாளியில் போட்டு அலசுகிற பழைய வழி செல்லாது. முதலில் கழிவறையில் தட்ட வேண்டும், பிறகு அலச வேண்டும். வேலைக்கும் திரும்ப வேண்டும், துணியும் கஷ்டமாகும். இரண்டும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். பிள்ளையை விடுகிற காப்பகத்திலும் டயப்பர் இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்பார்கள். துணியை விட்டுவிடுகிற பெண்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். அதில் தோற்றுப்போனதாக நினைக்க ஒன்றுமில்லை.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். உனக்குத் தை மாதம் பிறக்கும். திண்டுக்கல்லில் வெயில் ஏறுகிற நேரம், துணி ஒரு மணி நேரத்தில் காயும். அம்மா இருக்கிற மூன்று மாதமும் பகலில் வேட்டித் துணி, ராத்திரிக்கு ஒரு டயப்பர். நீயும் தூங்கு, அம்மாவும் தூங்கட்டும். கோயம்புத்தூர் போனதும் வீட்டில் இருக்கும்போது துணி டயப்பர். அலசி இயந்திரத்தில் போடுவது தம்பி வேலை. இதை இப்போதே பேசி வைத்துக்கொள், பிறந்த பிறகு பேசினால் நடக்காது. ஆடியில் வேலைக்குப் போனதும் காப்பகத்துக்கு டயப்பர், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் துணி. புதுசு எதுவும் வாங்காதே.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து இளையவனின் 15 துணி டயப்பரையும் இறக்கிப் பார்த்தேன். இரண்டில் பூச்சு உரிந்து ஓரம் வெடித்திருந்தது, அவை போயின. நான்கில் தொடைப் பக்கத்து எலாஸ்டிக் தளர்ந்திருந்தது. தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றித் தைத்து வாங்கினேன், ஒன்றுக்கு 20 ரூபாய். மீதி ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் துவைத்து மொட்டைமாடியில் ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்டு, நடுவில் அம்மா கிழித்து ஓரம் அடித்துக் கொடுத்த வேட்டித் துணிகளையும் வைத்து, பதின்மூன்றையும் திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டேன்.